நிமிஷத்துக்கு முப்பது தட்டு

பொதிகை மலையில் பெய்கிற மழை கடலுக்குப் போய்ச் சேரவேண்டுமென்றால் முதலில் அமலோற்பவம் அக்காவிடம் அனுமதி வாங்கவேண்டும். நிமிஷத்துக்கு முப்பது துளி. முப்பத்தோராவது துளி ஒரு மணி நேரம் மலையிலேயே குத்தவைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். பாபநாசம் அணையில் மதகை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அக்காவை உட்காரவைத்திருந்தால் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளம் என்ற சொல்லே இருந்திருக்காது. குடிக்கத் தண்ணீரும் இருந்திருக்காது, அது வேறு விஷயம். எமனே எருமையோடு வந்து நின்றாலும், "ஒரு நிமிஷத்துல எத்தன தடவ தட்டுனீரு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். சந்தேகம் இருக்கிறவர்கள் முக்கூடலுக்கு வந்து விசாரிக்கலாம். இரண்டு நாள் எங்கள் ஊரையே வாசலுக்கு வெளியில் நிறுத்திவைத்தவர் அவர்.

அக்காவுக்கு வேலை பாளையங்கோட்டையில். ஆற்றுப் பாசன விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற ஒரு உழவர் கம்பெனி. ஸ்டேஷனரிக் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. ஒன்றில் மேனேஜர் ஞானசம்பந்தன் சார். இன்னொன்றில் அக்கா, கம்பெனி வெப்சைட் ஓடுகிற கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன். ஃபேன் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் சுற்றும். அக்கா பக்கம் திரும்பாது. வியர்த்தால் துடைத்துக்கொள்ள அக்காவுக்குக் கை இருக்கிறது, கம்ப்யூட்டருக்கு இல்லை என்பது அவர் வாதம்.

பிறந்தது உவரிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். அப்பாவுக்கு ஒரு வள்ளம். பாலிடெக்னிக் முடித்து, செல்போன் டவர்களுக்கு ஏறி இறங்கி வேலை பார்த்து, கடைசியில் இந்த மாடிக்கு வந்து சேர்ந்தார். வீட்டுக்காரர் லியோன் சரக்குக் கப்பலில் இருக்கிறார். மகள் ரெனிஷா எட்டாம் வகுப்பு. அந்தப் பிள்ளை ஒரு நிமிஷத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் "அம்மா" என்று கூப்பிட்டால் நாலாவது அம்மாவுக்குப் பதில் கிடையாது. இதை யாரும் கோள் சொல்லவில்லை, அக்காவே என்னிடம் சொன்னார். அதுவும் பெருமையாக.

இப்படிப்பட்டவரிடம் ஒரு வெப்சைட்டின் வாசலைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதைத்தான் எழுதுகிறேன்.

முக்கூடல் மெயின் ரோட்டில் குமரகுருபரன் அண்ணாச்சியின் இன்டர்நெட் சென்டரில் நான் இருக்கிறேன். என் பெயர் சுடலைவடிவு. குலசாமி பெயர், என்னைக் கேட்டு வைக்கவில்லை. வடிவு என்றால் போதும். ப்ளஸ் டூவில் இயற்பியல் என்னைக் கைவிட்டது, நானும் அதைக் கைவிட்டேன். அண்ணாச்சி கடையில் ஐந்து கம்ப்யூட்டர். ஐந்துக்கும் வயது என் வயதை ஒட்டித்தான் இருக்கும். தினமும் காலையில் அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் ஊதுபத்தி காட்டுவார். அது சாமி பக்தியா, மிஷின்களின் உடல்நிலை பற்றிய கவலையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

உழவர் கம்பெனி நெல் வாங்குகிற முறை இது. தினமும் காலை ஒன்பது மணிக்கு வெப்சைட்டில் டோக்கன் திறக்கும். அறுபது டோக்கன். உறுப்பினர் எண்ணைப் போட்டால் அவரவர் பக்கம் வரும். ஒன்பது மணி ஆனதும் அதில் ஒரு பச்சைப் பட்டன் முளைக்கும். அமுக்கியவருக்கு டோக்கன். டோக்கன் கிடைத்தவர் அன்று சாயங்காலத்துக்குள் அம்பாசமுத்திரம் ரோட்டில் உள்ள கம்பெனி குடோனில் நெல்லை இறக்கவேண்டும். அங்கே காயவைக்கிற மிஷின் இருக்கிறது. டோக்கன் இல்லாத நெல்லுக்குக் குடோன் கதவு திறக்காது.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு பழக்கம் உண்டு. யாரும் சொந்தச் செல்போனில் டோக்கன் போடமாட்டார்கள். செல்போன் பேசுவதற்கும், பேரன் படம் பார்ப்பதற்கும். அரசாங்கம், பேங்க், கம்பெனி எல்லாம் கடையில் போய்த்தான். மஞ்சள் பையில் பட்டா நகலோடு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையில் தன் பெயரைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும். பார்த்தபின் எழுந்து போனால் பரவாயில்லை.

"இன்னொருக்கா காட்டு பிள்ள."

"வந்துட்டு மாமா. டோக்கன் நம்பர் பதினெட்டு. பிரிண்டும் குடுத்தாச்சு."

"பிரிண்டு கெடக்கட்டும். உள்ள அழிஞ்சிறப் போவுது. இன்னொருக்கா காட்டு."

உடனே பக்கத்தை மறுபடி திறந்து காட்டவேண்டும். அவர் உதட்டை அசைத்து எழுத்துக்கூட்டிப் படிப்பார். பிறகு அவரோடு வந்தவர் ஒருமுறை பார்க்கவேண்டும். போனவர் டீக்கடையிலிருந்து திரும்பிவந்து, "இருக்கா?" என்று கேட்பார். இருக்கும். அதையும் திறந்து காட்டவேண்டும்.

கார் அறுவடை நடக்கிற நேரம். ஐப்பசி பிறக்க ஒரு வாரம்தான் இருந்தது. மழை மலையில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெப்சைட் விழுந்தது. செவ்வாய் விழுந்தது. புதனும் விழுந்தது.

யாரோ ஏவிவிட்டிருக்கிறார்கள். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆயிரத்து எழுநூறு கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் வந்து அக்காவின் வெப்சைட்டை விடாமல் தட்டின. உள்ளே வருவதற்கு அல்ல. தட்டிக்கொண்டே இருப்பதற்கு. ஒரு சர்வருக்கு ஒரு வாய்தானே? அத்தனை பேருக்கும் "என்ன, என்ன" என்று கேட்டுக் கேட்டே அது மயங்கி விழுந்தது. களத்துக்கே வந்து நெல் வாங்குகிற வியாபாரிகளின் வேலை என்று ஊர் சொன்னது. ஊர் எதையும் சொல்லும். யாரென்று இன்றுவரை தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மூன்று நாளாகச் சொர்ணாம்பாள் அத்தைக்கு டோக்கன் கிடைக்கவில்லை.

அவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை ஏக்கர். வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். ஞாயிற்றுக்கிழமை அறுத்த நெல் முழுக்க ரோட்டோரம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஒரு மழை போதும், அடியில் தண்ணீர் புகுந்து நெல் முளைத்துவிடும். முளைத்த நெல்லைக் கம்பெனியும் வாங்காது, வியாபாரியும் வாங்கமாட்டான், கோழிதான் வாங்கும். தினமும் எட்டு மணிக்கே குடையோடு வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். ஒன்றும் பேசமாட்டார். நான் கீபோர்டில் கை வைக்கும்போதெல்லாம் என் கையைப் பார்ப்பார். எனக்கு அவரைப் பிடிக்காது.

இயற்பியல் ரிசல்ட் வந்த அன்று அவர் வயல் பம்புசெட் அறையில் பகல் முழுக்க நான் ஒளிந்திருந்தேன், உண்மைதான். அவர் பார்த்துவிட்டார், யாரிடமும் சொல்லவில்லை, அதுவும் உண்மைதான். சாயங்காலம் ஒரு தூக்குச்சட்டியில் சோறு வைத்துவிட்டு, "மோட்டார் போடணும், எந்திரி" என்றார். அதற்காக ஒருவரைப் பிடித்தாகவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

புதன்கிழமை இரவே அமலோற்பவம் அக்கா தன் வாசலில் ஒரு தடுப்பைப் போட்டுவிட்டார். ஃபயர்வால் என்று பெயர். அதன் வேலை எண்ணுவது. எந்த முகவரியிலிருந்து தட்டு வருகிறது, நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ணும். முப்பது வரை விடும். முப்பதைத் தாண்டினால் அந்த முகவரிக்கு ஒரு மணி நேரம் கதவு அடைப்பு. ஒரு ஆள் டோக்கன் போட எவ்வளவு தடுமாறினாலும் பன்னிரண்டு தட்டுக்கு மேல் ஆகாது, முப்பது என்பது தாராளம் என்று அக்கா கணக்கு.

வியாழக்கிழமை காலை வெப்சைட் விழவில்லை. அம்பாசமுத்திரத்தில் திறந்தது. சேரன்மகாதேவியில் திறந்தது. நான் ஒன்பதுக்கு இரண்டு நிமிஷம் முன்பே ஐந்து மிஷினையும் தயார் செய்து வைத்திருந்தேன். முக்கூடலில் மட்டும் வெள்ளைத் திரை.

கடைக்குள் ஐம்பது பேர். ஐம்பது பேரும் என்னைப் பார்த்தார்கள், நான்தான் வெள்ளையடித்த மாதிரி. நான் கம்பெனி நம்பருக்குப் போன் போட்டேன். ஒன்பது மணி அடித்தபிறகுதான் அக்கா எடுப்பார் என்று நினைக்கவேண்டாம், ஒன்பது முறை மணி அடித்தபிறகுதான் எடுப்பார்.

"சொல்லு."

"அக்கா, முக்கூடல் சென்டர்லேருந்து வடிவு பேசுதேன். சைட்டு செத்துப்போச்சு."

"சைட்டு உசுரோடதான் இருக்கு. ஒங்களத்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"தட்டுனிய."

"கதவுன்னா தட்டத்தானக்கா செய்வாவ?"

"நிமிஷத்துக்கு முப்பது தட்டு. நீங்க எத்தன தட்டுனிய தெரியுமா? நாலாயிரத்து நூத்திப் பன்னண்டு. மூணு நாளா என் சைட்ட அடிச்சுப் போட்ட பயலுவகூட ஒரு அட்ரஸ்லேருந்து இவ்வளவு தட்டல. அதுவும் எட்டு அம்பத்தெட்டுக்கே ஆரம்பிச்சிட்டிய."

"இங்கன அம்பது பேரு இருக்காவக்கா. எல்லாரும் மனுசங்க."

"அம்பது பேரும் ஆளுக்கு எம்பது தட்டா?"

"எங்க ஊருக்காரவளுக்கு நம்பிக்க கம்மி."

"ஒரு மணி நேரம் கழிச்சுத் தானாத் தெறக்கும்," என்றார் அக்கா. வைத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்துத் தானாகத் திறந்தது. அறுபது டோக்கனும் ஒன்பது இருபதுக்கே தீர்ந்துபோயிருந்தன. சொர்ணாம்பாள் அத்தை திரையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "நாளைக்குப் பாப்போம் பிள்ள," என்று குடையை எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருக்கலாம். திட்டத் தெரியாதவர்களோடு எப்படித்தான் காலம் தள்ளுவது?

மறுபடி போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. விடாமல் கூப்பிடுகிறவர்களுக்கு அக்காவிடம் பதில் கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"ஏட்டி, ஒங்க கடையில எத்தன மிஷினு?"

"அஞ்சு."

"அஞ்சுக்கும் ஒரே லைனா?"

"ஒரே லைனு. அண்ணாச்சி மனசு வச்சா ரெண்டாவது லைனு வரும். வைக்க மாட்டாரு."

"ஊருல டோக்கனு போடுத எல்லாரும் அங்கனதான் வருவாவளா?"

"எல்லாரும்."

போனில் பென்சில் கிறுக்குகிற சத்தம் கேட்டது. பின்னால் ஃபேன் சத்தம்.

"அப்பம் அது என் தப்பு," என்றார். "வெளிய வரும்போது அஞ்சு மிஷினும் ஒரே அட்ரஸாத்தான் எனக்குத் தெரியும். முப்பதுன்னு ஒரு ஆளுக்குக் கணக்குப் போட்டேன். ஒரு ஊருக்குப் போடல. ஒங்க அட்ரஸுக்கு நூத்தியிருவதா ஏத்தி வைக்கேன்."

தப்பை ஒத்துக்கொள்கிற மனிதரிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணாச்சியிடமும் சொன்னேன். அவர் தீப்பெட்டியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ பிள்ள, முந்தாநேத்து வாங்குன தீப்பெட்டி. பாதி கெடக்கு. நீ பீடி கீடி குடிக்கியா?"

"ஈரக்காத்து அண்ணாச்சி. குச்சி பத்த மாட்டேங்கு."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. வெள்ளைத் திரை.

நான் மேசையில் தலையை முட்டிக்கொண்டேன். நூற்றிருபது என்ன, நூற்றிருபது! இந்த அக்கா முப்பதை நூற்றிருபது ஆக்கினாராம், நாங்கள் நன்றி சொல்லி மலர் தூவவேண்டுமாம், கதவு மட்டும் திறக்காதாம். அண்ணாச்சியின் செல்போனைப் பிடுங்கி அதில் முயன்றேன். அதுவும் வெள்ளை. செல்போன் கம்பெனிக்காரன் ஆயிரம் பேரை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்துவைத்திருக்கிறான், அந்த ஆயிரம் பேரில் பாதிப் பேர் அதே நிமிஷத்தில் எங்கேயோ உட்கார்ந்து அதே வெப்சைட்டைத் தட்டியிருக்கிறார்கள். இந்த விளக்கத்தையும் அக்காதான் போனில் கொடுத்தார். விளக்கத்தை வைத்து நெல்லை மூடமுடியுமா?

"அக்கா, எங்க கடைய மட்டும் எண்ணாம விட்டுருங்க. ஒரே ஒரு நாளு."

"மாட்டேன்."

"ஏங்க்கா?"

"ஒங்க அஞ்சு மிஷினும் பழைய காலத்து மிஷினு. அதுல ஒண்ணுல ஏதாவது வைரஸு புகுந்து கெடந்தா, எண்ணாம விட்ட வழியாவே வந்து சைட்டக் கவுத்துரும். அம்பாசமுத்திரத்துக்காரனுக்கும் டோக்கன் இருக்காது. முந்துன மூணு நாளு மாதிரி எல்லாரும் வானத்தப் பாத்துட்டு நிக்கணும்."

"இங்க ஒருத்தி அஞ்சு நாளா வானத்தத்தான் பாத்துட்டு நிக்கா!"

சத்தம் கொஞ்சம் கூடிப்போயிற்று. பெஞ்சிலிருந்த சொர்ணாம்பாள் அத்தை நிமிர்ந்தார்.

"யாரு அது?" என்றார் அக்கா.

"யாரோ. எனக்கென்ன? எனக்கு அவியளப் புடிக்கவே புடிக்காது. கடை பேரு கெடுதுல்லா, அதுக்குச் சொன்னேன்."

"சரி. நாளைக்கு நானே வாரேன். ஒங்க ஊரு எப்படித் தட்டுதுன்னு கண்ணால பாக்கணும்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கொசு.

சனிக்கிழமை எட்டேகால் பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினார். பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட் காலி. சோற்று டப்பாவில் கருவாட்டுக் குழம்பு. இப்படி வந்தால் பாளையங்கோட்டையிலிருந்து முக்கூடல் வரை காலை நீட்டிக்கொண்டு வரலாம் என்று அவரே சொன்னார். நான் அவரை ஆறடி உயரத்தில் கற்பனை செய்திருந்தேன். என் தோள் உயரம்தான் இருந்தார். பைய நடந்து வந்தார். ஒரு லேப்டாப், ரெனிஷாவின் பழைய கணக்கு நோட்டு ஒன்று, ஒரு பென்சில்.

ஐந்து மிஷினையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒவ்வொரு கீபோர்டையும் குனிந்து பார்த்தார். மூன்றாவதைக் கவிழ்த்து மெல்லத் தட்டினார். தூசி பார்க்கிறார் என்று நினைத்தேன். இப்படிப்பட்டவர் தூசியையும் எண்ணக்கூடியவர்தான்.

அண்ணாச்சி எட்டரைக்கு ஊதுபத்தி ஏற்றினார். "நாலு குச்சிதான் கெடக்கு," என்று முணுமுணுத்தார். அக்கா ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டுப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

சொர்ணாம்பாள் அத்தையின் பக்கத்தில்தான் நாற்காலி கிடந்தது. இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஒருமுறை அத்தை வானத்தைக் கைகாட்டினார். மலைப்பக்கம் கறுத்திருந்தது.

ஒன்பது மணி. பக்கம் திறந்தது.

திறந்தே இருந்தது. ஐந்து மிஷினிலும் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்தார்கள். அண்ணாச்சியும் நானும் ஓடி ஓடி எண் அடித்தோம். அக்கா நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். பச்சைப் பட்டன், அமுக்கு, டோக்கன்.

"இன்னொருக்கா காட்டு," என்றார் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர்.

ஒரு கோடு.

"இன்னொருக்கா."

"ஏன் மாமா, அதான் வந்துட்டுல்லா?" என்றார் அக்கா.

"நீ இருக்கப்போயி ஒழுங்கா வருது. நீ போனப்புறம் அழிஞ்சிட்டா, ஒன்ன எங்க போயித் தேட?"

அக்கா யோசித்தார். அது நியாயமான கேள்வி என்பதுபோல் இன்னொரு கோடு போட்டார்.

ஒன்பது நாலுக்குச் சொர்ணாம்பாள் அத்தையின் முறை வந்தது. எண் அடிக்கும்போது என் விரல் இரண்டு தடவை தப்பாகப் போயிற்று. வியர்வை. டோக்கன் முப்பத்தொன்று. அத்தை திரையை உற்றுப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியும், ஆனால் அவசரப்படமாட்டார்.

"இன்னொருக்கா காட்டு பிள்ள," என்றார்.

நான் காட்டினேன். அக்கா கோடு போட்டார். இன்னொருக்காவும் காட்டினேன், அவர் கேட்பதற்கு முன்பே.

பதினொரு மணிக்குக் குட்டி லாரியில் மூட்டைகள் ஏறின. அத்தையும் மூட்டைகளோடு ஏறிக்கொண்டார். குடையை மட்டும் கடையில் மறந்துவைத்துவிட்டுப் போனார். இரண்டு மணிக்கு மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, எதிரில் இருந்த மருந்துக் கடை மறைந்துபோகிற மழை. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கடைக்குள் சாரல் வருகிறதா என்று பார்க்கத்தான். இரண்டே காலுக்கு அண்ணாச்சியின் செல்போன் அடித்தது. அவர் காதில் வைத்தார்.

"எறக்கியாச்சா? எல்லாமா? சரி தாயி, சரி." என் பக்கம் திரும்பினார். "ஒண்ணரைக்கே குடோனுக்குள்ள போயிட்டாம். ஒரு நெல்மணி நனையலயாம். ஒங்கிட்டச் சொல்லச் சொன்னா."

சொல்லிவிட்டு அண்ணாச்சி சாப்பிட வீட்டுக்குக் கிளம்பினார். சும்மா மூலையில் கிடந்த அத்தையின் குடையை எடுத்துக்கொண்டு போனார். கடையில் நானும் அக்காவும் மட்டும். பஸ்ஸுக்கு மழை விடவேண்டும். அக்கா சோற்று டப்பாவைத் திறந்தார். கருவாட்டு வாசனை கடையை நிறைத்தது. எனக்கும் ஒரு துண்டு வைத்தார். வாங்கிக்கொண்டேன். ஜெயித்தவர்கள் பெருந்தன்மையாக இருக்கவேண்டும்.

"பாத்தியளாக்கா? நான் அப்பமே சொன்னேம்லா. எங்க ஊருல தப்பில்ல. ஒங்க நம்பர்லதான் தப்பு. இன்னைக்கு ஒழுங்கா வச்சிய, ஒழுங்கா ஓடுது."

"நேத்தும் நூத்தியிருவதுதான் வச்சிருந்தேன். இன்னைக்கும் நூத்தியிருவதுதான்."

நான் மென்றுகொண்டிருந்தேன்.

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து கணக்கு நோட்டைத் திருப்பினார். பக்கம் முழுக்க ஐந்தைந்தாகக் கோடுகள். "அதே ஆளுவ. அதே அஞ்சு மிஷினு. 'இன்னொருக்கா காட்டு' எல்லாம் சேத்து, கூடிப்போன நிமிஷத்துல எம்பத்தேழு தட்டு. நேத்து நாலாயிரம். எப்படிட்டி?"

"நேத்து எல்லாருக்கும் பதட்டம்."

"மனுசன் வெரலு பதட்டத்துல ஒருக்கா வேகமா அடிக்கும், ஒருக்கா பைய அடிக்கும். நடுவுல மூக்கச் சொறியும்." லேப்டாப்பைத் திருப்பினார். வரிசை வரிசையாக எண்கள். "இது மூக்கச் சொறியவே இல்ல. ஒரே சீரா அடிச்சிருக்கு. சின்னதுல கடக்கரையில மீன் ஏலம் கேட்டு வளந்தவ நான். நாப்பது பேரு கத்தும்போது எது வாங்க வந்த சத்தம், எது வேற சத்தம்னு எனக்குத் தெரியும்."

சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இருந்து எடுத்து மேசையில் வைத்தது ஒரு தீக்குச்சித் துண்டு. அரை விரல்கடை நீளம்.

"மூணாவது கீபோர்டுல, பக்கத்தத் திரும்பத் தெறக்குத கட்டைக்கு இடுக்குல முறிஞ்சு கெடந்துது. மத்த நாலுலேருந்தும் உருவிட்ட. இத மறந்துட்ட."

கட்டையை அமுக்கி இடுக்கில் குச்சியைச் செருகினால் அது அமுங்கியே இருக்கும். பக்கம் தன்னால் திறந்து திறந்து திறந்து கொண்டே இருக்கும். பச்சைப் பட்டன் முளைக்கிற அந்த நொடியில் நாம்தான் முதல் ஆள். அப்படித்தான் நான் நினைத்தேன்.

"வெளையாட்டுக்குக்கா," என்றேன். "சும்மா. என்ன ஆவுதுன்னு பாக்க."

"அந்த மூணு நாளு அடிச்சது வேற ஆளு, அது நீ இல்லன்னு தெரியும். வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் ஒங்க ஊர வெளிய நிறுத்துனது நான் இல்லட்டி. இந்தக் குச்சி." சத்தம் போடவில்லை. அதுதான் மோசம். "வெளையாட்டுன்னு சொன்னா நான் நம்பியிருப்பேன். ஒன் மூஞ்சிக்கு அது பொருந்தும். ஆனா இதப் பாரு."

விரலை ஒரு வரியில் வைத்தார். கீழே இழுத்துக்கொண்டே போனார். ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் ஒரு உறுப்பினர் எண். முகவரி ஒன்றுதான் என்றாலும், உள்ளே நுழைகிற ஒவ்வொரு மிஷினுக்கும் சர்வர் கொடுக்கிற தனி அடையாளமும் அதில் பதிவாகியிருந்தது. வியாழக்கிழமை, ஒன்றாவது மிஷின், நானூற்றுப் பதினேழு. இரண்டாவது மிஷின், நானூற்றுப் பதினேழு. மூன்று, நாலு, ஐந்து. வெள்ளிக்கிழமையும் அதே. எட்டாயிரத்துச் சொச்சம் வரியிலும் அந்த ஒரே எண்.

"அஞ்சு மிஷினும் ஒரே ஒரு ஆளுக்காகத் தட்டியிருக்கு," என்றார் அக்கா. "காலைல அந்தம்மாகிட்ட உறுப்பினர் எண்ணு என்னன்னு கேட்டேன். நானூத்திப் பதினேழுன்னாவ. அவியளத்தான ஒனக்குப் புடிக்கவே புடிக்காதுன்ன?"

வெளியே மழை கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. நான் மருந்துக் கடைப் பலகையைப் படித்தேன். பலகை சரியாகத் தெரியவில்லை.

"என்னட்டி, கண்ணுல?"

"ஊதுபத்திப் பொகைக்கா."

அமலோற்பவம் அக்கா சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"அது அணைஞ்சு அஞ்சரை மணி நேரம் ஆவுது," என்றார்.